மக்கள் ஓடினார்கள்; பலன் யாருக்கு?

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக மாரத்தான் ஓடுவது இன்று உலகத்தின் பல நகரங்களில் வழக்கமாகிவிட்டது. ஒரு மனிதன் 42 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறான். அவன் பொருட்டு உற்றார் உறவினரும், கூட வேலை செய்கிறவர்களும், தெருவோரம் நின்று பார்க்கிறவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பணம் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகிறது. இதுதான் ஏற்பாடு.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சை நாம் கேட்கிறோம். “இது வசதி படைத்தவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. மருந்து கண்டுபிடிக்கப் பணம் ஒதுக்குவது சர்க்காரின் வேலை. ஓடி என்ன ஆகப் போகிறது?” என்கிறார்கள் ஒரு சாரார். “பணம் எப்படி வந்தால் என்ன? நல்ல காரியம் நடக்கிறது. குறுக்கே நின்று கேள்வி கேட்காதீர்கள்” என்கிறார்கள் மற்றொரு சாரார்.

இரண்டும் தவறு என்பது நமது கருத்து. ஓடியவர்களை ஏளனம் செய்வது தவறு. அவர்கள் ஓடிச் சேர்த்த பணத்தால் விளைந்தது என்ன, அந்த விளைச்சல் யார் வீட்டுக் களஞ்சியத்துக்குப் போயிற்று என்று கேட்காமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

ரயில்வே தொழிலாளியின் மகன்

முதலில் ஓடியவர்களில் தலைசிறந்தவரைப் பற்றிச் சொல்லிவிடுவோம். கனடா நாட்டின் டெர்ரி ஃபாக்ஸ் 1958ல் வின்னிபெக் நகரில் பிறந்தவர். தகப்பனார் கனடிய தேசிய ரயில்வேயில் தொழிலாளி. வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் வேலை. நம் ஊரில் பாயிண்ட்ஸ்மேன் என்கிறோமே, அந்த மாதிரி. குடும்பம் பின்னர் பசிபிக் கடற்கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் குடியேறியது.

1977ல், 18 வயதில், அவருக்கு வலது முழங்காலில் வலி கண்டது. எலும்பில் புற்றுநோய் என்றார்கள் டாக்டர்கள். முழங்காலுக்கு மேலே காலைத் துண்டித்தார்கள். அதற்குப் பின் மாதக் கணக்கில் மருந்துச் சிகிச்சை. அந்த ஆஸ்பத்திரியில் தம்மோடு இருந்தவர்கள் வேதனைப்படுவதையும் மடிவதையும் அந்த இளைஞர் கண்ணால் கண்டார். இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே நோய் வந்திருந்தால் பிழைப்பதற்கு நூற்றுக்கு 15 பங்குதான் வாய்ப்பு. இப்போது நூற்றுக்கு 50 பங்கு என்றார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஆண்டவன் அருளால் வரவில்லை. அதிர்ஷ்டத்தால் வரவில்லை. ஆராய்ச்சியால் வந்தது. அப்படியானால் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை நான் திரட்டுவேன் என்று தீர்மானித்தார்.

1980 ஏப்ரல் 12ந் தேதி, நாட்டின் கிழக்குக் கோடியில் செயிண்ட் ஜான்ஸ் நகரில், செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினார். மேற்குக் கோடியில் பசிபிக் கடல்வரை போய்ச் சேருவது லட்சியம். தினசரி ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். கூட வந்தது ஒரு வேன். அதை ஓட்டியது ஒரு நண்பர். துண்டித்த காலின் முனை செயற்கைக் காலில் உரசிப் புண்ணாயிற்று, இரத்தம் கசிந்தது. பனியிலும் மழையிலும் வெயிலிலும் ஓடினார். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1ந் தேதி தண்டர் பே என்ற ஊருக்கு அருகே மார்பு வலி அவரை நிறுத்தியது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 ஜூன் 28ந் தேதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 22.

அவர் கேட்டது என்ன? கனடா ஜனங்கள் தலைக்கு ஒரு டாலர். ஆரம்பத்தில் பல ஊர்களில் அவரை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. ஆனால் போர்ட் ஓ பாஸ்க் என்ற சிறிய துறைமுக ஊரில் ஜனத்தொகை சுமார் பத்தாயிரம். அந்த ஊர் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தது! தலைக்கு ஒரு டாலர் என்ற எண்ணம் உறுதிப்பட்டது அங்கேதான். 1981 பிப்ரவரிக்குள் 2 கோடியே 41 லட்சம் டாலர் சேர்ந்துவிட்டது. அன்று கனடாவின் ஜனத்தொகையும் அதே அளவுதான்.

உண்டியல் குலுக்கிப் பழகியவர்கள் நாம். கடைவீதியில், பஸ் ஸ்டாண்டில், மில் வாசலில் நின்று வசூல் செய்திருக்கிறோம். ஒரு முதலாளி எழுதிக் கொடுக்கும் பெரிய செக்குக்கும், பத்தாயிரம் பேர் போடும் சில்லறைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். செக்கு கொடுத்தவர் மறுநாள் கணக்குப் பார்ப்பார். சில்லறை போட்டவர் அந்தக் காரியத்தில் பங்காளி ஆகிறார். டெர்ரி ஃபாக்ஸ் கோடிக்கணக்கான பங்காளிகளை உண்டாக்கினார்.

கம்பெனிகளும் அவரைத் தேடி வந்தன. மோட்டார் கம்பெனி வேன் கொடுத்தது; எண்ணெய்க் கம்பெனி பெட்ரோல் கொடுத்தது; ஷூ கம்பெனி ஷூ கொடுத்தது. அவற்றைப் பெற்றுக்கொண்டார். ஆனால், “எங்கள் சரக்கை நீ புகழ்ந்து பேச வேண்டும்” என்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த ஓட்டத்தால் யாரும் லாபம் அடையக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1981 செப்டம்பர் முதல் ஆண்டுதோறும் அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் இன்றும் பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது, கம்பெனி விளம்பரம் கிடையாது. இப்படியே இதுவரை 80 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறார்கள். நமது பெருநகரங்களில் பாங்குகளும் கம்பெனிகளும் ஓட்டத்துக்கே தங்கள் பெயரைச் சூட்டி, ஓடுகிறவன் முதுகையே விளம்பரப் பலகையாக்கிவிடுவதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்!

அவர் ஏன் தமக்காகக் கையேந்தவில்லை?

டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவர் தம்முடைய சிகிச்சைச் செலவுக்காக ஓடவில்லை. காலை எடுத்த டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்காக ஓடவில்லை. ஒரு ரயில்வே தொழிலாளியின் குடும்பம் இப்படிப்பட்ட நோயில் வீடு வாசலை விற்காமல் மீண்டது எப்படி?

இதற்குப் பதில் கனடாவின் இன்னொரு காலில் இருக்கிறது. டெர்ரி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, அதே வின்னிபெக் நகரில், டாமி டக்ளஸ் என்ற ஏழைச் சிறுவனுக்குக் காலெலும்பில் நோய் கண்டது. நல்ல டாக்டருக்குக் கொடுக்கக் குடும்பத்திடம் பணமில்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலை. பெரிய டாக்டர் ஒருவர், மாணவர்கள் பார்த்துப் படிக்க அனுமதித்தால் இலவசமாக வைத்தியம் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது. தன் கால் பிழைத்தது தற்செயல்தான் என்பதை அந்தச் சிறுவன் மறக்கவில்லை. டாக்டரின் தயவு கிடைக்காத பிள்ளைகளின் கதி என்ன?

அந்தச் சிறுவன் வளர்ந்து, சோஷலிஸ்டாகி, 1944ல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பிரதமரானார். அந்த ஆண்டிலேயே புற்றுநோய்க்கு இலவசச் சிகிச்சை என்று சட்டம் செய்தார். அவர் வகுத்த திட்டப்படி 1962 ஜூலை 1ந் தேதி அந்த மாகாணத்தில் எல்லோருக்கும் பொது மருத்துவ இன்ஷூரன்ஸ் அமுலுக்கு வந்தது. டாக்டர்கள் எதிர்த்து 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்! மக்கள் அசையவில்லை. 1966ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1972க்குள் எல்லா மாகாணங்களும் அதில் சேர்ந்தன. 1977ல் டெர்ரி ஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் படுத்தபோது டாக்டர் செலவும் ஆஸ்பத்திரிச் செலவும் பொது இன்ஷூரன்ஸில் அடங்கியிருந்தன.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? சிகிச்சை உரிமையாகிவிட்ட நாட்டில்தான் ஒரு தொழிலாளியின் மகன் பிறருடைய நோய்க்காக ஓட முடிந்தது. அந்த உரிமை இல்லாத இடத்தில் அவனவன் தன் ஆஸ்பத்திரிப் பில்லுக்காகவே ஓட வேண்டியிருக்கும். ஆகவே, “சர்க்காரா, மக்களின் ஓட்டமா?” என்பது வீண் சச்சரவு. சர்க்கார் தன் கடமையைச் செய்தால் மக்களின் ஓட்டம் பன்மடங்கு பலன் தரும். சர்க்கார் கை கழுவிவிட்டால் ஓட்டம் பிச்சையாகிவிடும்.

நியூயார்க்கில் ஓடியது, சென்னைக்கு வந்தது

இனி, பணம் விளைச்சலாகி எங்கே போகிறது என்று பார்ப்போம். நம் நாட்டோடு, நமது சென்னை நகரத்தோடே சம்பந்தப்பட்ட ஓர் உதாரணம் இருக்கிறது.

1988ல், ரத்தப் புற்றுநோயால் தாக்கப்பட்ட ஒரு சிறுமியின் தந்தையும் அவருடன் சேர்ந்தவர்களுமாக 38 பேர் நியூயார்க் மாரத்தானில் ஓடினார்கள். 3 லட்சத்து 22 ஆயிரம் டாலர் திரட்டி, அமெரிக்காவின் லுக்கேமியா சொசைட்டிக்குக் கொடுத்தார்கள். அதுவே பெரிய இயக்கமாகிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் பயிற்சி பெற்று, ஊர் ஊராக ஓடி, அந்தச் சொசைட்டிக்கு நூறு கோடி டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ரத்தப் புற்றுநோய்களில் மைலாய்டு லுக்கேமியா என்று ஒன்று. அதில் ஒரு வகை மெதுவாக ஆரம்பித்துச் சில வருஷங்களில் ஆளைக் கொன்றுவிடும். இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடச் சிறியதாக இருப்பதை 1960ல் பிலடெல்பியா நகரின் இரண்டு விஞ்ஞானிகள் கண்டார்கள். இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதே காரணம் என்று 1973ல் ஜேனட் ரவ்லி என்ற அம்மையார் நிரூபித்தார். அந்தக் கோளாறால் உண்டாகும் ஒரு புரதம்தான் நோயின் ஆணிவேர் என்பது பிறகு தெரிந்தது. இந்த வேலையெல்லாம் பெரும்பாலும் சர்வகலாசாலைகளில், பொதுப் பணத்தில் நடந்தது. அந்தப் புரதத்தை அடக்கும் பொருளை ஸ்விட்சர்லாந்து நாட்டுக் கம்பெனி ஒன்றின் ரசாயனிகள் தயாரித்தார்கள். அது நோயணுவைக் கொல்லும் என்று சோதித்துக் காட்டி, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் பிரையன் டிரக்கர் என்ற அமெரிக்க டாக்டர். அவருடைய ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? அமெரிக்க சர்க்காரின் தேசியப் புற்றுநோய் நிலையமும், நாம் மேலே சொன்ன லுக்கேமியா சொசைட்டியும்! ஓடியவர்களின் டாலர் கலந்திருந்த பெட்டி அது.

1998ல் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியது. 2001 மே மாதம் மருந்து கடைக்கு வந்தது. இமாடினிப் என்று பெயர். தினம் ஒரு வேளை மாத்திரை. சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். மனித அறிவின் மகத்தான வெற்றி இது, சந்தேகமில்லை.

ஆனால் விலை? அமெரிக்காவில் ஆரம்பத்தில் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர். காலம் செல்லச் செல்ல மருந்தின் விலை குறையும் என்று நினைப்பீர்கள். 2012ல் அது சுமார் 92,000 டாலர்! இந்த நோய்க்கு வைத்தியம் செய்யும் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் 2013ல் ஒன்று சேர்ந்து இந்த விலைகளைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதினார்கள். கண்டித்தவர்களில் டிரக்கரும் ஒருவர். மருந்தை உருவாக்கியவரே விலையைப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார் என்றால் வேறு சாட்சி வேண்டுமா?

இந்தியாவுக்கு வருவோம். அந்தக் கம்பெனி இப்போது நோவார்டிஸ் என்ற பெயரில் பகாசுர ஏகபோகமாகிவிட்டது. இங்கே அதன் மருந்துக்கு அந்தக் காலத்தில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலை இருந்தது. அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் தயாரித்து மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தன. எப்படி முடிந்தது? 1970ம் ஆண்டுப் பேட்டண்ட் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோக உரிமை தருவதில்லை. தயாரிப்பு முறைக்கு மட்டுமே உரிமை. வேறு முறையில் யாரும் தயாரிக்கலாம். உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தால் 2005ல் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள். அப்போது வெளியிலிருந்து சர்க்காரை ஆதரித்து வந்த இடதுசாரிக் கட்சிகள், திருத்தம் இல்லாமல் மசோதாவுக்குக் கை தூக்க மாட்டோம் என்று பார்லிமெண்டில் உறுதியாக நின்றன. அதன் விளைவாகப் பிரிவு 3(டி) வலுப்பட்டது. பழைய மருந்தையே வேறு வடிவில் கொண்டுவந்தால், நோயைத் தீர்க்கும் சக்தி கூடுதலாக இருந்தாலொழிய பேட்டண்ட் கிடையாது என்பது அந்தப் பிரிவின் சாரம்.

இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குப் பேட்டண்ட் கேட்டு நோவார்டிஸ் சென்னைப் பேட்டண்ட் ஆபீசில் மனுப் போட்டிருந்தது. மும்பாயில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று எதிர்மனுப் போட்டது. 2006 ஜனவரியில் மனு தள்ளுபடியாயிற்று. சட்டப் பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2013 ஏப்ரல் 1ந் தேதி அங்கேயும் தோற்றது. ஏழு வருஷ யுத்தம்! மக்களின் பணமும் கலந்து விளைந்த மருந்தை மக்களுக்கே எட்டாமல் செய்வதற்காக ஏழு வருஷம்!

லாபம் இல்லாவிட்டால் மருந்து இல்லையா?

“கம்பெனி ரசாயனிகளும் உழைத்தார்கள் அல்லவா? கோடிக்கணக்கில் செலவழித்தார்கள் அல்லவா?” என்று கேட்பார்கள். ஆம், உழைத்தார்கள். செலவும் உண்டு. நியாயமான ஊதியம் யாருக்கும் மறுக்கப்பட வேண்டியதில்லை. 8,000 ரூபாய்க்கு விற்றும் ஒரு கம்பெனி நஷ்டப்படாமல் நடக்கும் பொருளை, 1,20,000 ரூபாய்க்கு விற்பது ஊதியமா, கொள்ளையா?

“ஏழை நோயாளிகள் பலருக்கு இலவசமாகவே கொடுத்தோம்” என்றது கம்பெனி. கொடுத்தது உண்மைதான். ஆனால் தானம் வேறு, உரிமை வேறு. தானம் கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம். டாமி டக்ளஸ் சிறுவனாக இருந்தபோதே புரிந்துகொண்ட பாடம் இது.

“லாபம் இல்லாவிட்டால் யார் மருந்து கண்டுபிடிப்பார்கள்?” என்பது கடைசி அஸ்திரம். இளம்பிள்ளை வாதம் எப்படிக் கட்டுக்குள் வந்தது என்று அவர்களைக் கேளுங்கள். அமெரிக்காவில் லட்சோப லட்சம் சாதாரண ஜனங்கள் பத்து பத்து செண்டாகப் போட்ட காசில் நடந்தது அந்த ஆராய்ச்சி. 1955ல் வெற்றி கண்ட ஜோனாஸ் சால்க் தம்முடைய தடுப்பு மருந்துக்குப் பேட்டண்ட் வாங்கவில்லை. ஆல்பர்ட் சேபினும் வாங்கவில்லை. சேபினின் சொட்டு மருந்தைப் பெரும் அளவில் பரீட்சித்து நிரூபித்தது சோவியத் நாட்டில். மக்கள் காசு, மக்கள் மருந்து. அதனால் யாரும் ஆராய்ச்சியைக் கைவிட்டுவிட்டு ஓடிவிடவில்லையே!

நமது நாட்டிலேயே இன்னொரு வழிகாட்டல் இருக்கிறது. சிறுநீரகத்திலும் ஈரலிலும் வரும் புற்றுநோய்க்கு சொராஃபெனிப் என்ற மருந்து. பேயர் என்ற ஜெர்மன் கம்பெனி மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலை வைத்தது. தேவைப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுக்குத்தான் மருந்து போய்ச் சேர்ந்தது. 2012 மார்ச்சில் பேட்டண்ட் அதிகாரி கட்டாய லைசென்ஸ் உத்தரவு போட்டார். ஹைதராபாத் நாட்கோ கம்பெனி அதை 8,880 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டும். பேயருக்கு விற்பனையில் நூற்றுக்கு 6 பங்கு ராயல்டி தர வேண்டும் என்பது உத்தரவு. பின்னர் அது 7 பங்கு ஆயிற்று. கம்பெனியின் பங்கை யாரும் பறிக்கவில்லை. கம்பெனியின் கொள்ளையை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். சட்டத்தில் இடம் இருக்கிறது. வேண்டியது துணிவு. அந்த முதல் உத்தரவு ஏன் ஒற்றை உத்தரவாகவே நிற்கிறது என்று டில்லியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நாம் சொல்வது என்ன?

ஓடுங்கள் என்கிறோம். கால் உள்ளவர்கள் ஓடுங்கள். காசு உள்ளவர்கள் கொடுங்கள். ஆனால் டெர்ரி ஃபாக்ஸ் போட்ட நிபந்தனையை நீங்களும் போடுங்கள். நிதி திரட்டும் சங்கத்தைக் கேளுங்கள்: எங்கள் பணத்தில் மருந்து விளைந்தால் அதன் விலைக்கு என்ன உத்தரவாதம்? ஆராய்ச்சி உதவி கொடுக்கும்போதே, “இதில் விளையும் மருந்து சாமானியனுக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும்” என்று பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். கடன் கொடுப்பவன் பத்திரம் எழுதாமல் கொடுக்கிறானா? மக்கள் மட்டும் ஏன் வெறுங்கையோடு நிற்க வேண்டும்?

சர்க்காரிடம் கோருகிறோம்: புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் போதிய பணம் ஒதுக்குங்கள், ஜில்லாதோறும் சிகிச்சை கிடைக்கச் செய்யுங்கள், பொதுப் பணத்தில் விளைந்த மருந்தைத் தனியார் ஏகபோகமாக்காதீர்கள், வெளிநாடுகளோடு வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது பிரிவு 3(டி)யைப் பேரத்தில் விட்டுக் கொடுக்காதீர்கள்.

தொழிற்சங்கத் தோழர்கள் இதை வெறும் டாக்டர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பீடிப் புகையிலைத் தூளிலும் ரசாயனத்திலும் கல்நார்த் தூசியிலும் உழைக்கிறவன் வீட்டுக் கதவைத்தான் இந்த நோய் அடிக்கடி தட்டுகிறது. மருந்தின் விலையும் கூலிப் பிரச்னைதான். மாதக் கூலியைப் போலப் பத்து மடங்கு விலையுள்ள மாத்திரை, தொழிலாளியைப் பொறுத்தமட்டில் கண்டுபிடிக்கப்படாத மாத்திரைக்குச் சமம்.

ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன் ஒற்றைக் காலோடு 5,373 கிலோமீட்டர் ஓடினார். மீதித் தூரத்தை அவரால் ஓட முடியவில்லை. அந்த மீதித் தூரம் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்கு உள்ள தூரம். அதை நாம் ஓடி முடிக்க வேண்டும்.